டனிங்கரில் ஒரு நாற்காலி காலி

நெப்ராஸ்காவின் டனிங்கர் என்ற ஊருக்குள் எங்கள் வண்டி நுழைந்தபோது அங்கே அசைந்துகொண்டிருந்தவை இரண்டு: தபால் நிலையத்துக் கொடி, ஒரு நாயின் வால். எங்களைப் பார்த்ததும் நாய் வாலை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. கொடி மட்டும் படபடத்தது. அந்தச் சமவெளியில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.

"இதப் பாக்கத்தான் பெரிய ரோட்டை விட்டுட்டு இவ்ளோ தூரம் வந்தோமா?" என்றாள் ஆர்டிஸ்.

"டெல்மர் போகச் சொன்னான்."

"டெல்மர் சொன்னா கிணத்துல குதிப்பியா?"

"கிணத்துப் பக்கத்துல வண்டி நிறுத்த இடம் இருந்தா யோசிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. இடது புருவத்தை மட்டும் உயர்த்தினாள். "போதும், மெர்ல்" என்றாள்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மனைவி என் நகைச்சுவைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. எங்கள் கல்யாண விருந்தில் எழுந்து நின்று என்னுடைய கோழி ஜோக்கைச் சொன்னேன். "ஒருநாள் நெப்ராஸ்காவுல காத்து நின்னுபோச்சு. அவ்ளோதான், காத்துல சாஞ்சு நின்ன கோழியெல்லாம் பொத்துப் பொத்துனு கவுந்துடுச்சு." சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் புருவத்தைத் தூக்கி, "போதும், மெர்ல்" என்றாள். அன்றிலிருந்து அந்த இரண்டு சொற்களைக் கேட்பதற்காகத்தான் நான் வாயைத் திறக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். அயோவாவில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். ஓய்வு பெற்றதும் அதைவிடப் பெரிய பேருந்தாக ஒன்று வாங்கினேன். இதில் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. பின்னால் கத்தக் குழந்தைகள் இல்லை. பக்கத்தில் ஆர்டிஸ் இருந்தாள், அது போதுமாக இருந்தது.

டெல்மரும் அவன் மனைவி ட்வைலாவும் எங்கள் குளிர்கால அண்டை வீட்டார். பனி விழத் தொடங்கியதும் எங்களைப் போன்ற நரைத்த தலைகள் எல்லாம் வண்டிகளை அரிசோனா பாலைவனத்துக்கு ஓட்டிப்போய் வரிசையாக நிறுத்திக்கொள்வோம். பல வருடங்களாக எங்கள் வண்டியும் அவர்கள் வண்டியும் ஒட்டியே நிற்கும். ட்வைலா வாயாடி. என்னையும் டெல்மரையும் ஒரே துடைப்பத்தால் விரட்டுகிறவள். மடக்கு நாற்காலியில் சிக்கி அவள் இடது கை சுண்டுவிரல் கொக்கிபோல வளைந்து போயிருந்தது. திட்டும்போது அந்த விரல்தான் முன்னால் வந்து ஆடும்.

ஆனால் போன குளிர்காலத்தில் ட்வைலா மாறியிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் சிரித்தாள். கோழி ஜோக்குக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளிடம் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. நடுப்பகலில் சில சமயம் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். வயசாகிறது, மறதி வருகிறது என்று ஆர்டிஸ் கவலைப்பட்டாள். நானோ, கடைசியில் எனக்கு ஜோக் சொல்ல வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற நாளில் டெல்மர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய் மெர்லு, கோடைல டனிங்கர் மியூசியத்துக்குப் போயிட்டுப் போ. ஆர்டிஸையும் கூட்டிட்டுப் போ. மத்தியானத்துக்கு முன்னாடி போயிடு. சத்தியமா போவியா?" அவன் கை ஈரமாக இருந்தது. பிரிகிற வருத்தம் என்று நினைத்து எனக்கே கண் கலங்கியது. நான் அப்படிப்பட்ட ஆள். நாய் உணவு விளம்பரத்துக்குக்கூட அழுவேன்.

அருங்காட்சியகம் ஒரு பழைய மளிகைக் கடைக் கட்டடம். கதவில் அட்டை: பார்க்க விரும்புவோர் இந்த எண்ணை அழைக்கவும். அழைத்தேன். சற்று நேரத்தில் சாவிக்கொத்தும் கையில் ஒட்டிய மாவுமாக ஒரு கிழவி வந்துவிட்டாள்.

"நான் ஓபல். வாங்க தங்கம், வாங்க. அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தேன்."

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய கைவிலங்கு கிடையாது. நமக்காக ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தபிறகு, உள்ளே இருக்கிற கடைசி ஆணிவரை பார்க்காமல் வெளியே போக முடியாது. அவள் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. மரியாதை எங்கள் ஊர்களின் பரம்பரை வியாதி.

உள்ளே வழக்கமான சாமான்கள். முள்கம்பி வகைகள் பலகையில் வரிசையாக. வெண்ணெய் கடையும் பீப்பாய். பாடம் செய்து நிறுத்திய இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி.

"ரெண்டு தலைக்கும் சேர்த்து ஒரே தொப்பி போதுமா?" என்று கேட்டேன்.

"மெர்ல்" என்றாள் ஆர்டிஸ், எச்சரிக்கையாக.

ஓபல் மட்டும் சிரித்தாள். சிரித்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கடிகாரம் ஓடவில்லை.

பின்னறைக் கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி முகத்தில் அறைந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. மாவும் கொழுப்பும் சேர்த்துக் கிண்டிய இறைச்சிக் குழம்பு. ஓபலின் கையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

அறை நீள ஒரு சாப்பாட்டு மேசை. இரண்டு பக்கமும் முழு உடுப்பும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஆண் பொம்மைகள். நைலான் காலுறைக்குள் பஞ்சு அடைத்துச் செய்த முகங்கள், கறுப்புப் பொத்தான் கண்கள். எல்லா முகங்களும் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தன. மேசைக் கோடியில், சமையலறைக் கதவோரம், ஒரே ஒரு பெண் பொம்மை. பழுப்புக் கவுன், வெள்ளைச் சமையல் முன்துணி.

"இது கதிரடிப்புச் சாப்பாடு" என்றாள் ஓபல். "அந்தக் காலத்துல அக்கம்பக்கத்து ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து வந்து அடிச்சுக் கொடுப்பாங்க. வீட்டுக்காரி சமைச்சுப் போடணும். இந்த மேசைக்காரி விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமைச்சா. மத்தியானச் சங்கு ஊதினதும் பரிமாறினா. கடைசியா தானும் உக்காந்தா. அப்புறம் எழுந்து அந்தக் கதவு வழியாப் போனா. அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?" என்றாள் ஆர்டிஸ்.

"அப்புறம் அவள யாரும் பாக்கல. அவ போனதே யாருக்கும் தெரியல. காபி வரலையேன்னுதான் தேடியிருக்காங்க."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். எல்லா மனைவிகளுக்கும் உரிய பார்வை அது. நான் கன்றுக்குட்டியின் நினைவில் ஆழ்ந்திருப்பதுபோல் நடித்தேன்.

"அந்த நாற்காலில மட்டும் யாராச்சும் இருக்கணும்" என்றாள் ஓபல். "ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா? வர்ற பொம்பளைங்க எல்லாரும் எடுத்துப்பாங்க. நீங்க உக்காருங்க தங்கம். ஐயா, அந்தப் பொம்மையக் கொஞ்சம் தூக்கிச் சுவரோரம் வைக்கிறீங்களா? எனக்கு இடுப்பு வலி."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் ஆயிற்றே. ஆர்டிஸ் கைப்பையை என்னிடம் நீட்டினாள். நான் பொம்மையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

கனமே இல்லை. வைக்கோல் மூட்டை.

ஆனால் அக்குள் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அறைக்கு வெயில் வரும் பக்கம் ஜன்னல் இல்லை என்பதை என் மூளை பிறகுதான் எனக்குத் தெரிவித்தது. பொம்மையைச் சுவரில் சாய்த்தபோது அதன் இடது கை என் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கக் குனிந்தேன்.

சுண்டுவிரல் கொக்கிபோல வளைந்திருந்தது.

"ட்வைலா, நீ இங்க என்ன பண்றே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஜோக்குதான். எனக்குப் பயம் வந்தாலும் முதலில் வெளியே வருவது ஜோக்குதான்.

ஆர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். என் கைபேசி ஓபலிடம் இருந்தது.

"மெர்ல், நீயும் வந்து நில்லு" என்றாள் ஆர்டிஸ்.

அப்போது ஊர்ச் சங்கு ஊதியது. இந்தச் சிற்றூர்களில் எல்லாம் நடுப்பகலுக்குச் சங்கு ஊதுவார்கள், அதில் ஒன்றும் அதிசயமில்லை. கீழிருந்து மெல்ல ஏறி, உச்சியில் நின்று, இறங்கியது. அது அடங்கியதும் இன்னொன்றும் அடங்கியிருப்பது தெரிந்தது.

காற்று நின்றிருந்தது.

விளக்குகளும் அணைந்தன.

இருட்டில் ஒரு கரண்டி தட்டில் உரசியது. பிறகு இன்னொன்று. பிறகு மேசை முழுக்க. பசித்தவர்கள் பேசாமல் சாப்பிடும் சத்தம். சூடான ரொட்டி வாசனை, வியர்வை வாசனை, குழம்பு வாசனை. யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

என் காதோரம் ஒரு குரல். காய்ந்த உதடுகளின் குரல்.

"டெல்மர் அனுப்பினானா?"

ட்வைலாவின் குரல்.

"ஆமா" என்றேன்.

"ஐயோ" என்றது குரல். "ஆர்டிஸையா? அட பாவி."

விளக்கு வந்தது.

சுவரோரம் பொம்மை இல்லை. கதவருகே ஆர்டிஸ் நின்றுகொண்டிருந்தாள், முகம் முழுக்கப் புன்னகையோடு. "கிளம்பலாமா?" என்றாள். மேசைக்கோடி நாற்காலியில் பழுப்புக் கவுன் பொம்மை எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. அதை யார் எடுத்து மறுபடி வைத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். ஓபல் என் கையில் கைபேசியைத் திணித்து எங்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நல்லபடியா முடிஞ்சது. நான் பூட்டணும் தங்கம், சாப்பாட்டு நேரம்."

வண்டி ஊரைத் தாண்டியது. இருபுறமும் சோளம். ஆர்டிஸ் கையை மடியில் வைத்து நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வழி சொல்லவில்லை, வேகத்தைக் குறை என்று சொல்லவில்லை, டெல்மரைத் திட்டவில்லை. அமைதியைக் கலைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உள்ள காத்து நின்னுச்சே, கவனிச்சியா? வெளிய எத்தனை கோழி கவுந்துதோ."

என் மனைவி சிரித்தாள்.

தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து, நெடுநேரம் சிரித்தாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். குளிர்பதனக் காற்றில் பாச்சை உருண்டை வாசனை மெல்ல வண்டி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

எப்படித் திருப்பினேன், எப்படித் திரும்பிப் போனேன் என்று நினைவில்லை. அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் புகுந்து பின்னறைக்குப் போனேன். வடக்குச் சுவரில் தூசு படிந்த ஒரு சின்ன ஜன்னல். சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

மேசைக்கோடியில் அந்தப் பொம்மை. நைலான் முகம், தீட்டிய உதடு. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. அந்தக் கயிற்றை நான்தான் ஆர்டிஸுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பொம்மையின் இடது புருவம் உயர்ந்திருந்தது.

சக்கரம் கழற்றும் இரும்பால் ஜன்னலை உடைத்தேன். என் உருவத்துக்கு அந்த ஜன்னல் ஆகாது. பாதி வழியில் சிக்கி, கோழிக்கூட்டில் மாட்டிய கரடிபோல உதைத்துக்கொண்டு உள்ளே விழுந்தேன். அவளைத் தூக்கினேன். அவளும் கனமில்லாமல், வெதுவெதுப்பாக இருந்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன். வாசலைத் தொட்டபோது என் கையில் வெறும் கவுனும் ஒரு கை வைக்கோலும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். மறுபடி தூக்கினேன். மறுபடியும் வைக்கோல். எத்தனை முறை செய்தேனோ தெரியாது. ஷெரிஃப் ஆபீஸ் ஆள் ஒருவன் வந்து என் தோளைப் பிடித்து எழுப்பியபோது உடம்பெல்லாம் வைக்கோலாக இருந்தேன்.

வாசலில் மற்றவள் நின்றிருந்தாள். "அவருக்கு வெயில் ஒத்துக்கல" என்றாள் அந்த ஆளிடம், என் மனைவியின் வாயால். "ரொம்பத் தமாஷான மனுஷன்." உடைந்த ஜன்னலுக்கு என் பெயரை எழுதிக்கொண்டு, நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தித் தூங்கச் சொல்லி அவன் எங்களை அனுப்பிவைத்தான்.

கதவிலிருந்த எண்ணை அழைத்தேன். ஓபல் எடுத்தாள். பின்னால் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம்.

"குறை ஏதாச்சும் இருந்தா, உங்கள அனுப்பினவங்ககிட்டச் சொல்லுங்க தங்கம்."

வைத்துவிட்டாள்.

டெல்மரை அழைத்தேன். அவன் எடுத்தான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது. "சேத்துக் காலோட உள்ள வராதன்னு எத்தனை வாட்டி சொல்றது, எருமை! ஏன்தான் திரும்பி வந்தேனோன்னு இருக்கு எனக்கு!"

"கேட்டியா?" என்றான் டெல்மர். அழுதுகொண்டிருந்தான். "திட்டுறாடா. காலைலகூடச் சிரிச்சிக்கிட்டு நின்னா. மத்தியானம் தட்டைக் கீழ போட்டா, அப்புறம் திட்ட ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல."

"என்னடா பண்ணினே டெல்மர்?"

"யாரையாச்சும் அனுப்புன்னா அந்தக் கிழவி. அவ்ளோதான் சொன்னா. யாரை அனுப்புவேன்? என் தம்பிகிட்ட வடக்கப் போன்னு சொன்னா தெக்கப் போவான். சர்ச்சுல என் பேச்சை ஒருத்தன் மதிக்க மாட்டான். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் மெர்லு. நான் சொன்னேங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு இடத்துக்குப் போறவன், இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

எதிரி செய்திருந்தால் கத்தியிருப்பேன். இவன் என்னைச் சரியாக அறிந்து வைத்திருந்தான். அதுதான் வலித்தது. என்னுடைய நட்பின் அளவைத் துல்லியமாக எடுத்து, அதே அளவுக்கு ஒரு குழி வெட்டியிருந்தான்.

"நீயும் ஒருத்தர அனுப்பிடு" என்றான் மெதுவாக. "உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். உனக்குக் கஷ்டமாவே இருக்காது."

அதற்கப்புறம் அவன் எண் வேலை செய்யவில்லை.

கோடை முழுவதும் அவள் என் பக்கத்து இருக்கையில் வந்தாள். நன்றாகச் சமைத்தாள். கேட்டதற்கெல்லாம் சரி என்றாள். நடுப்பகலில் எங்கே இருந்தாலும், கையில் இருப்பதோடு அப்படியே நின்று, டனிங்கர் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்புவாள். நான் ஜோக் சொல்வதை விட்டுவிட்டேன். ஒருமுறை தும்மினேன், அதற்கும் சிரித்தாள்.

இலையுதிர் காலத்தில் தனியாக டனிங்கருக்குப் போனேன். உடைந்த ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் இருந்தாள். புருவத்தின் கறுப்பு உதிர ஆரம்பித்திருந்தது. உதடு வெளிறியிருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் அங்கே வெறும் பொம்மைதான் இருக்கும் என்று தெரிந்தது. இடுக்கில் வாயை வைத்து, கோழி ஜோக்கைச் சொன்னேன். பதில் இல்லை. பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். அந்த நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

பனிக்காலம் வந்தது. அரிசோனாவில் டெல்மரின் இடம் காலியாக இருந்தது. பிறகு அதில் ஓர் இளம் ஜோடி வந்து நின்றது. கோல்பி, டெஸா. பழைய வேன் ஒன்றைத் தாங்களே அறுத்து, ஒட்டி, படுக்கை போட்டுக்கொண்டவர்கள். டெஸாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. "மெர்ல் மாமா ஏதோ சொல்லப் போறார், எல்லாரும் காதைப் பொத்துங்க" என்பாள். அவளுடைய கேலியில் ஆர்டிஸின் சாயல் இருந்ததால், நான் அவளை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின மாலை, நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம். பீன்ஸ் குழம்புக் கிண்ணத்தை வழித்துக்கொண்டே கோல்பி கேட்டான்.

"வடக்கால போறோம் மாமா. வழியில பாக்கற மாதிரி எதாச்சும் இருக்கா?"

வழிப்பயணிகள் நெருப்பருகே எப்போதும் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் என்ன விடை சொன்னாலும் அவர்கள் போவார்கள். எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் போனேன்.

டனிங்கர் என்ற சொல் என் நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தது. புருவம் உதிர்ந்துகொண்டிருந்த அந்த முகம் கண்ணில் நின்றது. டெஸா காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை முழங்காலில் வைத்து, நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதங்கள் குழந்தையின் பாதங்கள்போல இருந்தன.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "வெறும் சோளக்காடு. நேராப் போயிடுங்க."

ஆர்டிஸ், என்னை மன்னித்துவிடு என்று மனதுக்குள் சொன்னேன்.

"ஏன் இல்ல?" என்றது பக்கத்திலிருந்து என் மனைவியின் இனிமையான குரல். "டனிங்கர்ல ஒரு மியூசியம் இருக்கே. அவசியம் பாருங்க. மத்தியானத்துக்கு முன்னாடி போயிடுங்க."

எழுந்துவிட்டேன். "போகாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. அங்க ஒரு நாற்காலி இருக்கு. அதுல உக்காந்த பொம்பளை பொம்மையாயிடுவா. அவளுக்குப் பதிலா வேற எதுவோ எழுந்து வரும். இதோ உக்காந்திருக்கே, இது என் பொண்டாட்டி இல்ல."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு கோல்பி வெடித்துச் சிரித்தான். டெஸாகூடச் சிரித்துவிட்டாள். பக்கத்து நெருப்புகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக என் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், என் கையைச் செல்லமாகத் தட்டியபடி.

"மாமா, மூஞ்சிய எப்படி இவ்ளோ சீரியஸா வெச்சுக்கறீங்க!" என்றான் கோல்பி.

வாழ்நாள் முழுக்க ஜோக் சொன்னவனுக்கு இதுதான் தண்டனைபோலும். மறுநாள் காலை அவர்கள் வேன் முன்னால் போய் நின்று, மறுபடி சொன்னேன். அழுதேன்கூட. அப்போதும் டெஸா என்னை அணைத்துக்கொண்டு, "போதும் மாமா, வயிறு வலிக்குது" என்றாள். வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு சந்தேகம் என்னை விடவே இல்லை. நான் எச்சரித்தபோது என் குரலின் ஓரத்தில் அந்தப் பழைய ஜோக் தொனி இருந்ததோ? அவர்கள் நம்பக் கூடாது என்று என்னுள் யாரோ வேண்டிக்கொண்டிருந்தார்களோ?

அவர்களை எத்தனையோ முறை அழைத்தேன். அவர்கள் போன வழியில் சிக்னல் இல்லையோ என்னவோ, என் அழைப்பு போய்ச் சேரவில்லை.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல் அடுப்பருகே அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், வடகிழக்கே பார்த்தபடி. கைபேசி அடித்தது. கோல்பி.

"மெர்ல் மாமா! டனிங்கர் போனோம்! அந்த ஓபல் பாட்டி அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தாங்க, பாவம். நீங்க சொன்ன நாற்காலில டெஸாவ உக்கார வெச்சு ஃபோட்டோ எடுத்தோம். சரியா சங்கு ஊதினப்போ கரண்ட் போயிடுச்சு. ஜோக்குன்னா இதான்! இப்பதான் கிளம்பினோம்."

"டெஸா எங்க?" என்றேன்.

"பக்கத்துலதான் இருக்கா. செம மூடுல இருக்கா. நான் எது சொன்னாலும் சிரிக்கிறா. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே கேளுங்க."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். எனக்கு முதுகுக்குப் பின்னால் அடுப்பருகே ஏதோ லேசாக அசைந்தது.

"டெஸா," என்றேன், "ஒருநாள் நெப்ராஸ்காவுல காத்து நின்னுபோச்சு. அவ்ளோதான், காத்துல சாஞ்சு நின்ன கோழியெல்லாம் பொத்துப் பொத்துனு கவுந்துடுச்சு."

கைபேசிக்குள் அவள் சிரித்தாள். நெடுநேரம், மூச்சு வாங்காமல், சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பின்னால், வெகு தூரம் நடந்து களைத்து வந்தவளின் குரலில், யாரோ சொன்னார்கள்.

"போதும், மெர்ல்."